பதினோரு பாறைகள், அரை லிட்டர் தண்ணீர்

கலிஃபோர்னியாவில் சான்டியாகோ பக்கம் ப்ராஜெக்ட்டுக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'ஸார், நவம்பர் கடைசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு வருகிறது. ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர். ஜாஷுவா ட்ரீ என்கிற பாலைவன தேசியப் பூங்காவுக்குப் போக ப்ளான். ஒரே நாளில் எல்லாப் பாறைகளையும் பார்த்துவிட முடியுமா? நீங்கள் போய்வந்ததாக ஒரு வாரம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்களே...'

ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் வெட்கம். இப்போது கேட்டுவிட்டதால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

வேறொரு வேலையாக லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபர். அருகே இர்வைன் என்ற ஊரில் என் அக்கா மகன் இருந்தான். அக்கா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியையும் நார்த்தங்காயையும் ஒப்படைக்கப் போனேன். கூட இரண்டு ரூம் மேட்டுகள். ஒருவர் மதுரை, ஒருவர் கோயமுத்தூர். பெயர் வேண்டாம், ஊர் போதும். இருவருக்கும் வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மாமா, சனிக்கிழமை ஃப்ரீயா? ஜாஷுவா ட்ரீ போறோம். நீங்களும் வாங்க" என்றான். சொன்ன கையோடு லாப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். எக்ஸெல் ஷீட்! காலை 8.00 புறப்பாடு. 10.30 பூங்கா வாசல். பிறகு பதினோரு இடங்கள், வரிசையாக, கலர் கலராக. 'ஸ்கல் ராக்: 2.50 முதல் 3.05 வரை. போட்டோ 3.' கடைசிக் கட்டத்தில் 'நட்சத்திரம்: 20 நிமிஷம்' என்று போட்டிருந்தது.

"ஏண்டா, பாத்ரூமுக்கு டைம் ஒதுக்கலியே?" என்றேன்.

"அது ட்ராவல் டைம்ல அட்ஜஸ்ட் ஆயிடும் மாமா."

8.00 புறப்பாடு என்றால் நம்மவர்கள் எத்தனை மணிக்குப் புறப்படுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 9.50. வழியில் காபி. 10-ம் நம்பர் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 62-ல் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்துக்குக் கிட்டத்தில் மலைக் கணவாய் முழுக்கக் காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது எனக்கு. அங்கேயும் இதே கதைதான். இரண்டு மலைக்கு நடுவே காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது, மனிதன் குறுக்கே விசிறியை நட்டுவிட்டான்.

பூங்காவுக்கு வெளியே தகவல் மையம். ரேஞ்சர் உடுப்பில் ஒரு பெண்மணி. பையன் ஷீட்டைக் காட்டி "இதுவெல்லாம் கவர் பண்ண முடியுமா?" என்று கேட்டான். அவர் ஷீட்டைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?"

"இருபத்தி நாலு பாட்டில். கார் டிக்கியில இருக்கு" என்றான் பெருமையாக.

"நல்லது. ஆனால் நடக்கப்போவது கார் இல்லை, நீங்கள்" என்று சொல்லி, காகிதத்தில் அச்சடித்த ஒரு மேப்பை நீட்டினார். பையன் வாங்கிக்கொள்ளவில்லை. "ஷீட்லயே எல்லாத்துக்கும் லிங்க் இருக்கு மாமா." இலவசமாக எது கொடுத்தாலும் வாங்கி மடித்து வைத்துக்கொள்வது என் தலைமுறைப் பழக்கம். வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பூங்கா என்றதும் புல்தரை, ஊஞ்சல் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். சுமார் 3,200 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியைப் போல ஏழு மடங்குக்கு மேல். இதற்குள் ஹோட்டல் கிடையாது. பெட்ரோல் பங்க் கிடையாது. டீக்கடை கிடையாது. குடிநீர்க் குழாய் ஓரங்களில் சில இடங்களில் மட்டும் உண்டு, நடுவில் இல்லை. செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் பூஜ்யம்.

வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்த மரங்கள் ஆரம்பமாகின்றன. கையை மேலே தூக்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு போஸில் நிற்கும். மரம் என்று பெயர்தானே தவிர, முறைப்படி மரமே இல்லை. புல், பனை, வாழை இதெல்லாம் எந்தப் பெரிய கூட்டமோ அதே ஒருவிதையிலைக் கூட்டம். உள்ளே ஆண்டு வளையம் கிடையாது, எண்ணி வயசு சொல்ல முடியாது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். ஆளுயரம் வர ஒரு தலைமுறை ஆகிவிடும்.

இதற்குக் கல்யாணம் பண்ணிவைக்கும் தரகர் ஒரு சின்ன அந்துப்பூச்சி. மகரந்தத்தை உருண்டையாகச் சேகரித்து, இன்னொரு பூவுக்குக் கொண்டுபோய்த் தானே அழுத்தி வைக்கிறது. அதே பூவில் முட்டை இடுகிறது. பொரிந்து வரும் புழு விதைகளில் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியை விட்டுவைக்கும். அதுதான் தரகு. அந்தப் பூச்சி இல்லாவிட்டால் மரத்துக்கு விதை இல்லை, மரம் இல்லாவிட்டால் பூச்சிக்கு வம்சம் இல்லை. இதைச் சொன்னதும் கோயமுத்தூர்க்காரர் "கமிஷன் எத்தனை பர்சென்ட் அங்கிள்?" என்று அக்கறையாகக் கேட்டார். அவருக்கு அது நடைமுறைப் பிரச்னை.

அடுத்தது பாறைகள். இதற்காகத்தான் உலகமெங்கிலும் இருந்து வருகிறார்கள். மைதானத்தின் நடுவே, திடீரென்று, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி பத்து மாடி உயரத்துக்கு உருண்டைக் கற்கள். ஒன்றின் தலையில் ஒன்று. இப்ப விழுமோ அப்ப விழுமோ என்று நிற்கும்.

நம்மில் பலர் இதைப் பார்த்திருக்கிறோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தால் இதே காட்சிதான். மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டையும் இந்தக் குடும்பம்தான். கிரானைட் சாதிக் கல். கலிஃபோர்னியாவில் இது சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன் பூமிக்கு அடியில் பாறைக் குழம்பாக வந்து, ஆறி இறுகியது. மேலே இருந்த மண் தேயத் தேய, பாரம் குறைந்து பாறையில் விரிசல் விட்டது. நெடுக்கே, குறுக்கே, படுக்கையாக. பர்ஃபியைத் துண்டு போட்ட மாதிரி. அந்த விரிசல்களில் தண்ணீர் இறங்கி மூலைகளைக் கரைத்தது. சதுரத் துண்டில் மூலைக்கு மூன்று பக்கமிருந்தும் அரிப்பு, அதனால் மூலைதான் முதலில் போகும். பர்ஃபி லட்டு ஆகிறது! இவ்வளவும் மண்ணுக்கு அடியிலேயே நடக்கிறது. பிற்பாடு பூமி வறண்டு, திடீர் வெள்ளங்கள் மண்ணை அடித்துக்கொண்டு போக, லட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. யாரும் கொண்டுவந்து அடுக்கவில்லை. சுற்றியிருந்தது போய்விட்டது, இது மிச்சம். செஞ்சிக் கல் இதைவிட ரொம்ப ரொம்பப் பழசு, நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டியது. ஆனால் உருண்டை பிடித்த கை ஒன்றுதான். தண்ணீர்.

இத்தனையும் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நின்று பார்க்க யார் விட்டார்கள்?

"மாமா, ஏழு நிமிஷம் லேட். ஏறுங்க."

ஹிட்டன் வேலி என்று ஒரு இடம். சுற்றிலும் பாறை மதில், நடுவே கிண்ணம் மாதிரி சமவெளி. திருட்டு மாடுகளை அந்தக் காலத்தில் இங்கேதான் ஒளித்து வைத்தார்கள் என்று கதை. ஒரு மைல் சுற்றுப்பாதை. ஷீட்டில் 20 நிமிஷம். ஓடினோம். பார்க்கர் டாம், ஓடினோம். கீஸ் வ்யூ என்று 5,185 அடி உயரத்தில் ஒரு முனை. கலிஃபோர்னியாவையே பயமுறுத்திக்கொண்டிருக்கும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு கீழே தெரிகிறது. பூமியின் இரண்டு தட்டுகள் உரசிக்கொள்ளும் இடம். நாங்கள் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஸ்கல் ராக் வந்தபோது மணி 5. மண்டையோடு மாதிரியே ஒரு பாறை. கண் குழி இரண்டு. ரோட்டோரமே இருக்கிறது. போட்டோ மூன்றும் ஆயிற்று. அப்போதுதான் பையன் சொன்னான். "பின்னாடி ஒரு சூப்பர் ஸ்பாட் இருக்காம். சன்செட்டுக்கு நல்லா இருக்கும். பத்தே நிமிஷம்."

கையில் ஒரே ஒரு பாட்டில். அரை லிட்டர். அதுவும் திறந்தது. 'பத்து நிமிஷத்துக்கு எதுக்கு?' என்று மீதியை டிக்கியிலேயே விட்டுவிட்டோம்.

நடைபாதையிலிருந்து விலகினோம். ஒரு பாறை இடுக்கு, ஒரு இறக்கம், அப்புறம் ஒரு மணல் ஓடை, மறுபடி ஒரு ஏற்றம். சூப்பர் ஸ்பாட் கிடைத்ததா என்றால், கிடைத்தது. போட்டோவும் நன்றாக வந்தது. திரும்பினோம். எந்த இடுக்கு வழியாக வந்தோம் என்று தெரியவில்லை.

வாசகர்கள் நம்ப மாட்டீர்கள். உருண்டைப் பாறைகளுக்கு அடையாளம் கிடையாது. போகும்போது யானை மாதிரி இருந்தது திரும்பும்போது ஆமை மாதிரி இருக்கிறது. பையன் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. ஷீட்டைத் திறந்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ப்ளான் பூராவும் இன்டர்நெட்டில் அல்லவா இருக்கிறது! ப்ளான் ஆகாயத்தில், தண்ணீர் டிக்கியில், நாங்கள் நடுவில்.

மதுரைக்காரர் உயரமான ஒரு பாறையில் ஏறிப் பார்த்தார். "என்ன தெரியுது?"

"கல்லுதேன் தெரியுது அங்கிள்."

ஆறு மணி. பாட்டிலில் இரண்டு வாய் தண்ணீர். நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பையன் 'இந்தப் பக்கம், இல்லை இல்லை அந்தப் பக்கம்' என்று வேகம் வேகமாக நடக்க ஆரம்பித்தான். அவன் குரல் மாறியிருந்ததைக் கவனித்தேன். இந்த இடத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வழி தப்பியவன் நிற்க மாட்டான். நடந்துகொண்டே இருப்பான், காரை விட்டு இன்னும் தள்ளி. இந்தப் பூங்காவில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு.

"உட்காருடா" என்றேன்.

"டைம் இல்ல மாமா..."

"எல்லாரும் உட்காருங்க."

உட்கார்ந்தோம். பாறை இன்னும் சூடாக இருந்தது. தண்ணீரை ஆளுக்கு ஒரு மிடறு. நான்தான் கேட்டேன். "ஒரே நாள்ல பதினோரு இடம் எதுக்குடா? நீ இங்கேயேதானே இருக்கப்போறே. அடுத்த மாசம் வந்தா ஆகாதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். "வேலை போயிடுச்சு மாமா. மூணு வாரம் ஆகுது. அம்மாகிட்ட சொல்லல."

ஹெச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள். அதற்குள் இன்னொரு கம்பெனி கூப்பிட வேண்டும், அல்லது ஏதாவது விசா வழி பார்க்க வேண்டும், அல்லது பெட்டி கட்ட வேண்டும். அவனுக்கு மிச்சம் முப்பத்தொன்பது. மூன்று வருஷமாக 'அடுத்த மாசம் போலாம், அடுத்த லாங் வீக்கெண்ட் போலாம்' என்று தள்ளிப்போட்ட இடங்களை எல்லாம் ஒரே ஷீட்டில் கொட்டியிருக்கிறான். அந்தப் பதினைந்து நிமிஷக் கட்டங்களின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. காலையிலிருந்து கிண்டல் செய்துகொண்டு வந்தேனே என்று சங்கடமாக இருந்தது. ரூம் மேட்டுகள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

சூரியன் இறங்கிவிட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. நான் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகித மேப்பை எடுத்துப் பிரித்தேன். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவனுக்கு மேப்பால் என்ன பிரயோஜனம்? ஆனால் ஒன்று தெரிந்தது. இந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே ரோடு. ரோடு இருந்தால் கார் போகும். கார் போனால், இருட்டில், லைட் போடும்.

"யாரும் பேசாதீங்க. எல்லாப் பக்கமும் பாருங்க" என்றேன்.

பத்து நிமிஷம் இருக்கும். கோயமுத்தூர்க்காரர்தான் முதலில் பார்த்தார். இடதுபக்கப் பாறைகளின் உச்சி ஒரு விநாடி மஞ்சளாகி அணைந்தது. பின்னாலேயே இன்னொரு கார். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அந்தத் திசையிலேயே, மெதுவாக, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ரோடு வந்தது. எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? முந்நூறு அடி இருந்தால் அதிகம். முந்நூறு அடிக்குள் தொலைந்து போயிருந்தோம்!

டிக்கியைத் திறந்து ஆளுக்கு இரண்டு பாட்டில் நிற்காமல் குடித்தோம். நான் சாப்பிட்ட விருந்துகளில் அதுவும் ஒன்று.

பாக்கி நாலு பாறைகளை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ரோட்டோரம் வண்டி நிறுத்துமிடத்தில், தாழ்வான ஒரு பாறையில் நாலு பேரும் மல்லாந்து படுத்தோம். 2017-லேயே இருள்வானப் பூங்கா என்று சர்வதேச அந்தஸ்து வாங்கிய இடம். நிலா இல்லை. பால்வீதி இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, சுண்ணாம்பு அடித்த மாதிரி. மதுரைக்காரர் "இம்புட்டும் எப்பவும் இங்கனதேன் இருந்துச்சா?" என்றார். ஷீட்டில் 20 நிமிஷம். நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம்.

தகவல் மையத்துப் பலகையில் படித்த ஒரு விஷயத்தை அப்போது சொன்னேன். மினெர்வா ஹாய்ட் என்று ஓர் அம்மாள், பாஸடீனாக்காரர். மகனையும் இழந்து, கணவரையும் இழந்து, ஆறுதலுக்காக இந்தப் பாலைவனத்துக்கு வர ஆரம்பித்தவர். அந்தக் காலத்தில் ஆட்கள் லாரி கொண்டுவந்து கள்ளிச் செடிகளைப் பிடுங்கிப்போய் வீட்டுத் தோட்டத்தில் வைப்பார்கள். அந்த அம்மாள் விடாமல் மனுப் போட்டு, கண்காட்சி நடத்தி, கடைசியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1936-ல் இதைத் தேசியச் சின்னமாக அறிவித்தார். 1950-ல் சுரங்கம் தோண்டுவதற்காகப் பெரிய துண்டைக் கழித்துக்கொண்டார்கள். 1994-ல்தான் தேசியப் பூங்கா ஆயிற்று. நாம் மூன்று போட்டோவில் முடித்துவிட்டுப் போகிற பாறையை வைத்து ஒருத்தர் வாழ்க்கையையே மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. குளிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு திரும்பவில்லை. ட்வென்டிநைன் பாம்ஸ் என்ற ஊரில் மலிவாக ஒரு மோட்டல். மறுநாள் விடியற்காலை ஒரே இடம் போனோம். சோயா கள்ளித் தோட்டம். சூரியன் வரும்போது ஒவ்வொரு கள்ளியும் பல்பு மாதிரி எரிகிறது. பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும், நம்பிவிடாதீர்கள். லேசாக உரசினாலே துண்டாகக் கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் கொக்கி. மதுரைக்காரர் ஷூவில் ஒட்டிக்கொண்டதைக் கையால் எடுக்கப் போனார், கையிலும் ஒட்டிக்கொண்டது. கோயமுத்தூர்க்காரர் பாக்கெட்டிலிருந்த சீப்பை விட்டு நெம்பி எடுத்தார். அதுதான் சரியான வைத்தியம் என்று பிற்பாடு தெரிந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பாக்கெட்டில் சீப்பு வைத்திருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

சான்டியாகோ வாசகரே, இனி உங்கள் ப்ளான்.

நவம்பர் நல்ல காலம். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும், அப்போது வேண்டாம். ஆனால் ராத்திரி குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் முக்கியம். நாலு நாள் லீவு உங்களுக்கு மட்டும் இல்லை, கலிஃபோர்னியாவுக்கே லீவு. கூடாரம் போடுவதானால் இன்றைக்கே அரசாங்க இணையதளத்தில் முன்பதிவு பாருங்கள். வாசலில் வரிசை நீளும், ஒன்பது மணிக்குள் நுழைந்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் நாங்கள் போனபோது காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குறைந்தபட்சம். நடப்பதானால் எட்டு. எங்கள் 24 பாட்டிலைக் கணக்குப் பாருங்கள், நாலு பேருக்கு மொத்தமே 12 லிட்டர். ரேஞ்சர் அம்மாள் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? அதில் பாதி முதுகில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல. மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காகிதத்திலும் ஒன்று. டார்ச் ஒன்று, பெட்ரோல் டேங்க் ஃபுல். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். விலகினாலும் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பாருங்கள். வரும்போது தெரியப்போகும் காட்சி அதுதான்.

இடங்கள்? மூன்று போதும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஆகாயம். நடுப்பகலைப் பாறை நிழலுக்குக் கொடுத்துவிடுங்கள். பத்துக் கோடி வருஷம் உட்கார்ந்திருக்கிற கல்லுக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்காருவது மரியாதை.

பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மோட்டலிலிருந்தே அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டான். அக்கா முதலில் கேட்டது "சாப்பிட்டியா?" அறுபது நாளுக்குள் அங்கே ஒன்றும் அமையவில்லை. இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். சம்பளம் குறைவு. சனிக்கிழமை லீவு.

போன வாரம் போன் செய்தான். "மாமா, ஞாயித்துக்கிழமை செஞ்சி போலாமா? அதே கல்லுன்னு சொன்னீங்களே."

"ஷீட் ரெடியா?" என்றேன்.

"ரெடி மாமா. ரெண்டே வரி. ஒண்ணு, தண்ணி."

"ரெண்டாவது?"

"நீங்க."